மணி காலி செய்த பாதை

நகரத்தில் இருந்தவரை அந்த சைக்கிள் மணியை யாரும் சட்டை செய்ததில்லை. பஸ்ஸும் லாரியும் போடும் இரைச்சலில் அதன் சத்தம் அதற்கே கேட்காது.

ஒருநாள் சைக்கிள்காரி மத்தியதரைக் கடலோரமாகப் போகும் சரளைப் பாதையில் வண்டியைத் திருப்பினாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆலிவ் தோப்பு. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. மணிக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு தடவை கிணிங் என்றது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வண்டியைக் காணோம்.

"பாத்தியா தம்பி," என்றது முன் டயரிடம். "ஒரே சத்தம்தான் குடுத்தேன். அத்தனை பேரும் ஓடிட்டாங்க."

கல்லில் குதித்துக் குதித்து டயருக்கு மூச்சு வாங்கியது. "இங்க வண்டியே விடமாட்டாங்கண்ணே."

"ஏன் விடமாட்டாங்க? நான் வர்றது தெரிஞ்சுதான்."

டயர் அடுத்த கல்லில் ஏறி இறங்கியது. அதற்கு வேலை இருந்தது.

ஒரு வளைவில் கழுதை ஒன்று பாதையை அடைத்துப் படுத்திருந்தது. மணி அடித்தது. கழுதை ஒரு காதை மட்டும் ஆட்டியது. மணி இன்னும் பலமாக அடித்தது. கழுதை கண்ணை மூடிக்கொண்டது.

"இப்ப என்னண்ணே செய்யறது?" என்றது டயர்.

மணிக்கு மானம் போகிறாற்போல் இருந்தது. அதற்குள் சைக்கிள்காரி இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஓரத்துப் பாறை வழியாகக் கழுதையைச் சுற்றி நடந்தாள்.

அந்த உயரத்திலிருந்து மணி கடலைப் பார்த்தது. பிறகு கீழே கிடந்த கழுதையைப் பார்த்தது.

"பல்லக்கு தயாராகட்டும்னுதான் தம்பி, அவன் நம்மளக் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கான்."