வரிசையில் ஒரு சோபா கடை

கடையில் ஆள் இல்லாத மத்தியானம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து, பட்டியலில் சேரக் காத்துக்கிடக்கும் இணையதளங்களை மேய ஆரம்பித்தார்.

உருப்படியான தளங்களைத் தேடிப் பிடித்து, துறைவாரியாகத் தொகுத்து வைக்கும் இணையப் பட்டியல் அது. அதில் அவர் சம்பளமில்லாத எடிட்டர். விண்ணப்பங்கள் வந்து குவியும். எதை முதலில் பார்ப்பது என்பது அவரவர் இஷ்டம்.

அவர் தேதி பார்ப்பதில்லை. பெயரைப் படித்து மனசு குறுகுறுத்தால் திறப்பார். காற்றாடி செய்பவர், பூட்டு சேகரிப்பவர் எல்லாம் வந்த அன்றைக்கே உள்ளே போய்விடுவார்கள். ஒரே தளத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி நச்சரிப்பவர்கள் வரிசையின் அடிக்குப் போவார்கள். மற்றவை அது பாட்டுக்குக் கிடக்கும்.

இன்று, கிடந்தவற்றில் ஒரு பெயர்மேல் கண் நின்றது. பழைய சோபாக்களுக்கு மெத்தை தைக்கும் கடை.

கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று மகள் போன மாதம் சொன்னாளே, அந்தப் பையனின் கடை.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அன்றைக்கு நழுவிவிட்டார். யாரிடம் விசாரிப்பது? அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திறந்தார்.

கிழிந்த சோபா, தைத்த சோபா, பக்கத்தில் விலை. தைக்க முடியாமல் திருப்பி அனுப்பியவற்றுக்கும் தனியாக ஒரு பக்கம், ஏன் முடியவில்லை என்ற காரணத்தோடு. இப்படி ஒருத்தர் போட்டு அவர் பார்த்ததே இல்லை.

விண்ணப்பமும் கச்சிதம். ஒரே வரி விளக்கம், அதிலும் தம்பட்டம் கிடையாது. வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி இல்லை.

எதிரே ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் விஷயத்தைச் சொல்லி, பையன் பொறுமைசாலிதான் என்று ஒப்புக்கொண்டார்.

மகள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்கு இது தெரியவே தெரியாதுப்பா. அனுப்பினது நான். என்னைக்காவது திறந்து பாத்துட்டு, யாரும்மா இந்தப் பையன்னு நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் தேதியை இன்னொரு தடவை பார்த்தார். போன வருஷத்துத் தேதிதான்.

கை 'ஏற்றுக்கொள்' பொத்தானுக்குப் போய் நின்றது. அழுத்தவில்லை. தன் சொந்தக்காரர்களின் தளத்தை எடிட்டர் தொடக் கூடாது என்பது பட்டியலின் விதி. காரணம் எழுதி வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும்.

தள்ளினார். காரணம் கேட்ட கட்டத்தில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

'மாப்பிள்ளையின் கடை.'