கிணற்றின் மேல் தொங்கிய கூடு

பாழுங்கிணற்றின் மேல் சாய்ந்திருந்த ஈச்சமரம் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. செம்பி என்ற குருவி கூடு கட்டுவதில்லை. பிறர் கட்டிய கூட்டுக்குள், அவர்கள் முட்டையிடும் முன் புகுந்து, தாங்குமா என்று குதித்தும் இழுத்தும் பார்ப்பாள். "கட்டத் தெரியாதவளுக்குக் குறை சொல்ல மட்டும் தெரியும்" என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள்.

மஞ்சன் என்ற ஆண்குருவி பதினெட்டு நாள் பாடுபட்டுக் கட்டிய கூட்டில் அவள் ஒன்பது முறை குதித்தாள். கூடு அசையவில்லை. வெளியே அவன் மனைவி முட்டையிடக் காத்திருந்தாள். போய்விடலாமா என்று செம்பிக்குத் தோன்றியது. ஆனாலும் இன்னொரு முறை குதித்தாள். ஓலையைப் பற்றியிருந்த முடிச்சு மெல்ல நழுவியது.

"மஞ்சா, மேல்முடிச்சு தாங்காது" என்றாள்.

"பத்துத் தடவை யார் குதிக்கப் போகிறார்கள்?" என்று அவன் சீறினான்.

"இரையைக் கண்டால் உன் குஞ்சுகள் குதிக்கும். கீழே கிணறு இருக்கிறது."

மஞ்சன் வெகுநேரம் கிணற்றையே பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்து, புது நார் தேடிப் பறந்தான்.

குஞ்சு பொரித்த வாரம் ஆடிக்காற்று மரத்தை மூன்று நாள் உலுக்கியது. மஞ்சனின் கூடு அசையாமல் தாங்கியது. காற்று ஓய்ந்ததும் எல்லாரும் மஞ்சனின் வேலைத்திறனைப் புகழ்ந்தார்கள். செம்பியை யாரும் நினைக்கவில்லை. அவள் அந்தக் கூட்டருகே போய் உட்கார்ந்தாள். உள்ளே நான்கு குஞ்சுகள் பசியில் கத்தின. அந்தச் சத்தத்தை ஆசைதீரக் கேட்டாள்.

இரையோடு வந்த மஞ்சன் அவளைப் பார்த்து நின்றான்.

"செம்பி, என் தம்பி கூட்டை முடித்துவிட்டான். நீ வந்து பார்த்த பிறகுதான் பெண்ணைக் கூப்பிடுவானாம்."