வீட்டிலேயே இருந்த குடம்

வியாழக்கிழமை துப்பறியும் சீரியல் வந்தால், ஆவடி குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கமெல்லாம் லூர்தம்மாள் வீட்டில்தான். சீரியலில் துப்பறிகிற டீச்சரம்மாவுக்கு முன்பாகவே அவள் கொலைகாரனைச் சொல்லிவிடுவாள்.

"புருசன்தான்," என்றாள் இன்றைக்கும். கடைசியில் அவன்தான் மாட்டினான்.

"எப்டிக்கா கண்டுபுடிச்ச?" என்றாள் பக்கத்து வீட்டு தாட்சாயிணி.

"பொண்டாட்டி தண்ணி சேந்தப் போயி கெணத்துல வியுந்துட்டான்னு அயுவுறான். கொடம் ஊட்லயே கீதே."

மற்றவர்கள் சிரித்தபடி கிளம்பினார்கள். மூலையிலிருந்த கேஸ் அடுப்பில் தாட்சாயிணியின் கண் விழுந்தது.

"புது அடுப்ப வச்சிகினு ஏன்க்கா இன்னும் வெறகுல பொகையிற?"

"அதுவும் இந்த டி.வி.யும் என் பொண்ணு தெரசாவுக்குக் குடுத்த சீரு. அவ செத்தப்புறம் மாப்ள திருப்பி அனுப்பிட்டான்."

"கிருஷ்ணாயில் ஸ்டவ் வெடிச்சுதான செத்தா?"

"அப்டித்தான் சொன்னான். அவ ஊட்ல கிருஷ்ணாயில் ஸ்டவ்வே கெடையாது, தாட்சா. இந்த கேஸ் அடுப்பு ஒண்ணுதான்."

தாட்சாயிணியின் குரல் இறங்கிவிட்டது. "போலீஸ்ல சொல்லலியாக்கா?"

"சொன்னேன். 'டி.வி.ல துப்பறியுற கதை ரொம்ப பாப்பியா'ன்னு கேட்டு சிரிச்சாங்க."

லூர்தம்மாள் டி.வி.யை அணைத்தாள்.

"அப்ப எங்க ஊட்ல டி.வி.யே இல்ல."