மைக் சரிபார்க்க ஒரு பாட்டு

"மைக் இன்னும் சரியா வரலைங்க. இன்னொரு பாட்டு பாடுங்க" என்றார் சவுண்ட்காரர்.

பாடகி கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு அவரை முறைத்தாள். இதோடு மூன்று பாட்டு ஆகிவிட்டது. ஒரு குரல், ஒரு கிடார். 'ஹலோ, ஹலோ' என்று சொல்லி, கம்பியை நாலு தட்டுத் தட்டினால் முடிகிற வேலை. இருபது பேர் சேர்ந்து வாசிக்கிற குழுவுக்குக்கூட இந்தப் பாடு கிடையாது.

ஊர் ஊராகத் தனியாளாகப் போய்ப் பாடுவதுதான் அவள் பிழைப்பு. பாடகியும் அவளே, மேனேஜரும் அவளே, பெட்டி தூக்கும் கூலியாளும் அவளே. பஸ் ஜன்னல் காற்று பட்டுப் பட்டுத் தொண்டை கட்டியிருந்தது. இந்த உணவகத்தில் இன்று சாயங்காலம் கச்சேரி. நாளைக்கு அடுத்த ஊர். குரல் போய்விட்டால் அவளுக்குப் பதிலாகப் பாட ஆள் இல்லை.

"அண்ணே, தொண்டை சரியில்ல. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்."

"நீங்க கத்தவே வேணாம். மெதுவாப் பாடுங்க, போதும். மிச்சத்த நான் மெஷின்ல ஏத்திக்கறேன்."

சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி நீட்டினார். வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

நாலாவது பாட்டையும் பாடினாள். எதிரே ஒரு ஆள் இல்லை. நாற்காலிகள் எல்லாம் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தன. சவுண்ட்காரர் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா?"

"கிடார் நல்லாக் கேக்குது. குரலும் கேக்குது. ரெண்டும் சேர்ந்து வர்றப்பதான் என்னமோ குறையுது. துள்ளலா ஒன்னு பாடிப் பாருங்களேன். மாமியாரைப் பத்தி ஒரு பாட்டு வச்சிருக்கீங்களாமே?"

"ஏன், உங்க மைக்குக்கு மாமியார் பாட்டுதான் ஒத்துக்குமா?"

"ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ராசி இருக்குங்க."

தலையெழுத்தே என்று அதையும் பாடினாள். மாமியாரைச் செல்லமாக வாருகிற பாட்டு, அவளே எழுதியது. கடைசி அடியில் உச்சத்துக்குப் போனபோது குரல் பிசிறியது. அவளுக்குப் பகீரென்றது.

"போதும்ணே. உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா? அதை மட்டும் சொல்லிடுங்க."

அவர் கோபப்படவில்லை. "அதெல்லாம் நல்லாவே கேக்கும். இன்னும் ஒரே ஒரு பாட்டு..."

"ஒன்னும் கிடையாது." கிடாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "உங்க முதலாளியம்மா எங்க இருக்காங்க?"

"உள்ளதான். ஆனா சமையல்கட்டு வழியாப் போகணும். இப்பப் போகாதீங்களேன், அங்க வேலை நடக்குது."

எந்த வேலை நடந்தால் அவளுக்கென்ன? 'வேலை தெரியாத ஆளை வச்சுக்கிட்டு எதுக்கும்மா கச்சேரி வைக்கறீங்க?' என்று முதல் வரியை மனசுக்குள் எழுதிக்கொண்டே நடந்தாள். கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. சமையல்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை.

புகை இழுக்கும் ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். குழாய்களை மூடியிருந்தார்கள். அரைகுறையாய் நறுக்கிய வெங்காயம் மேடையில் கிடந்தது. காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு, சமைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு ஸ்டூல். அதன் மேல் சின்ன ஸ்பீக்கர் ஒன்று. மாமியார் பாட்டுக்குச் சிரித்த சிரிப்பில் ஒருத்தி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வரிசையில், ஒரு டின்னின் மேல், முதலாளியம்மா.

பின்னாலேயே வந்த சவுண்ட்காரர் தலையைச் சொறிந்தார்.

"கச்சேரி நேரத்துல இவங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காதுங்க. இந்த ஃபேன் போடற சத்தத்துல, பக்கத்துல நிக்கறவங்க பேசறதே காதுல விழாது. எத்தனையோ பேர் வந்து பாடிட்டுப் போயிருக்காங்க. இவங்க ஒரு பாட்டு கேட்டதில்ல. அதான், மத்தியானமானா நம்ம மைக்குக்கு உடம்பு சரியில்லாமப் போயிடும்."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "தொண்டை உங்களோடது. போதும்னா போதும்ங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மனசுக்குள் எழுதி வைத்திருந்த வரிகளில் ஒன்றுகூடப் பாடகிக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆளில்லாத நாற்காலிகளுக்குப் பாடுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை நேரம் வேண்டாவெறுப்பாகப் பாடித் தொலைத்தோமே என்று மட்டும் உறுத்தியது.

முன்வரிசையில் இருந்த சமையல்கார அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"என்னம்மா, இடைவேளையா? அதுக்குள்ள வெங்காயத்த நறுக்கிடலாமா?"

பாடகி முதலாளியம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா எழுந்து, ஒரு டின்னைத் தூக்கி வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டார்.

"ஆமாக்கா, இடைவேளைதான். கிடாரை எடுத்துட்டு வந்து மீதிய இங்கயே உக்காந்து பாடறேன்" என்றாள் பாடகி. "சாயங்காலம் குரல் வரலைன்னா, அங்க வெறும் கிடாரை வாசிச்சு ஒப்பேத்திக்கலாம்."