நாற்காலி இல்லாத விருந்து

"ஒரு நாற்காலி கூட கண்ணுல படக் கூடாது. எல்லாத்தையும் தூக்கி பக்கத்து வீட்டு நாகராஜ்கிட்ட போட்டுட்டு வந்துடலாம்" என்றார் மணிவேல்.

அவர் மனைவி சந்திராவுக்குக் காரணம் புரியாமல் இல்லை. இருந்தாலும் சம்பந்தியாகப் போகிறவர்கள் முதல் முறையாகக் காரைக்கால்மேட்டுக்கு வருகிற நாளில் வீட்டை வெறுமையாக்கி வைப்பது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"நீயும்தானே பாரிஸ்ல பன்னெண்டு நாள் இருந்து பார்த்தே? அவங்க நின்னுக்கிட்டுதான் சாப்பிடுவாங்க. இங்க நாற்காலியைப் போட்டு வச்சா, உட்காரவும் முடியாம, மாட்டோம்னு சொல்லவும் முடியாம சங்கடப்படுவாங்க."

"ரசத்தை எப்படிங்க நின்னுக்கிட்டு சாப்பிடறது?"

"அங்க நீ சூப்பு குடிக்கலையா?"

மகள் ஷர்மிளா புதுச்சேரியில் வேலை பார்க்கும் இடத்தில் ழெரெமியைப் பார்த்தாள், பிடித்துப்போயிற்று, இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டாள். ழெரெமியின் அப்பா ழோர்ழும் அம்மா ஐரேனும் தமிழர்கள்தான். ஆனால் தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமையோடு கப்பல் ஏறிய குடும்பங்கள். இருவரும் பிறந்து வளர்ந்ததெல்லாம் பாரிஸில். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பெண் கொடுப்பதா? அவர்கள் அழைத்ததும், விசைப்படகைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுச் சந்திராவோடு விமானம் ஏறினார் மணிவேல்.

போகும்போதே ஒரு முடிவோடுதான் போனார். வெளிநாட்டுக்குப் போனால் மனதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எதையும் கேட்கக் கூடாது, எதற்கும் முகம் சுளிக்கக் கூடாது. பாலாடைக்கட்டி நாறியது, அருமையான வாசனை என்று சொல்லி இரண்டு துண்டு கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள் இருந்தன. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அவராகவே புரிந்துகொண்டார். மூன்று வேளையும் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றே சாப்பிட்டார்கள். மணிவேலின் வலது முட்டியில் பத்து வருஷத்து வலி. மகள் வாழப் போகிற வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஷர்மிளாவுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"ழெரெமி மெஸ்ஸுல உட்கார்ந்துதானேப்பா சாப்பிடறாரு? வேணும்னா போன் பண்ணிக் கேட்கறேன்."

"வேண்டாம்மா. நம்ம நாட்டுக்கு வந்த இடத்துல நம்ம வழக்கத்துக்கு ஒத்துப்போறாரு, அது அவரு பெருந்தன்மை. ஒருத்தங்க வழக்கத்தைத் துருவித் துருவிக் கேட்டாலே மட்டமா நினைக்கிறோம்னு ஆயிடும்."

நாற்காலிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. விவரம் கேட்ட நாகராஜ், பாரிஸ்காரர்கள் எதையும் காரணம் இல்லாமல் செய்ய மாட்டார்கள், நின்றால் சாப்பாடு நேராக இறங்குமாக இருக்கும் என்றார். அன்று காலை இட்லியை நின்றுகொண்டே தின்று விக்கினார்.

பன்னிரண்டு மணிக்கு ழோர்ழும் ஐரேனும் வந்து சேர்ந்தார்கள். ழெரெமிக்கு லீவு கிடைக்கவில்லை. கூடத்தில் மிஞ்சியிருந்த ஒரே கட்டிலில் பெரியவர்கள் நால்வரும் வரிசையாக உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். பேச்சு வெயிலைப் பற்றியும் கடலைப் பற்றியும் போயிற்றே தவிர, கல்யாணத் தேதி பற்றி ழோர்ழ் வாயே திறக்கவில்லை. தேதி குறிக்காமல் போய்விடுவார்களோ என்று மணிவேலுக்குக் கவலை.

சாப்பாடு தயார் என்று ஷர்மிளா வந்து சொன்னாள். மணிவேல் ழோர்ழைப் பார்த்தார். ழோர்ழ் மணிவேலைப் பார்த்தார். தேசிய கீதம் கேட்டது போல நால்வரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

ழோர்ழுக்கு அரிசி டிரம் மேல் இலை. ஐரேனுக்குத் தையல் மெஷின் மேல். மணிவேலுக்கும் சந்திராவுக்கும் ஜன்னல் விளிம்பு. நின்றபடி நண்டு உடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஐரேன் அழுத்திய நண்டுக்கால் பறந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பட்டது. எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். ரசம் இலையைத் தாண்டித் தையல் மெஷினுக்குள் இறங்கியது. அதையும் யாரும் பார்க்கவில்லை. மணிவேலின் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அவர் சிரித்த முகத்தோடு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

கை கழுவி வந்ததும் ழோர்ழ் தொண்டையைக் கனைத்தார்.

"ஜனவரியிலேயே கல்யாணத்தை வச்சுக்கலாம் சம்பந்தி. ஆனா எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அதைச் சொல்லாம தேதி குறிக்க மனசு வரல."

மாதா கோயிலில்தான் கல்யாணம் என்பாரோ, பெண்ணை இனி ஊர்ப் பக்கமே அனுப்ப மாட்டோம் என்பாரோ? மகள் கதவோரத்தில் நிற்பதை மணிவேல் பார்த்தார். எதுவானாலும் சரி என்று சொல்லிவிட மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"சொல்லுங்க சம்பந்தி."

"தப்பா எடுத்துக்காதீங்க. பாரிஸ்ல முதல் நாள் நாற்காலியை இழுத்து விட்டு, உட்காருங்கன்னு சொன்னேன். பரவாயில்லன்னுட்டு நீங்க நின்னீங்க."

மணிவேலுக்கு அந்தப் 'பரவாயில்லை' நினைவிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்காராமல் பெண்ணைப் பெற்றவன் எப்படி முதலில் உட்காருவது? இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள் என்றுதான் காத்து நின்றார்.

ழோர்ழ் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி வைத்தார்.

"மறுபடி சொன்னா உங்க ஊர் வழக்கத்தைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்னு, பன்னெண்டு நாளும் நாங்களும் உங்களோட நின்னோம், இன்னிக்கும் நின்னோம். உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தப்புறமாவது, அவளை உட்கார்ந்து சாப்பிட விடுவீங்களா?"