இலை தெரியாத கேமரா

"என் நாயோட ராத்திரி வேட்டையைப் படம் புடிச்சு ஆல்பா ஊர்ச் சந்தையில காட்டணும். ஏத்த கேமராவா குடு, துல்லியோ" என்று கடைக்காரனிடம் கேட்டார் எவாசியோ.

"இதை எடுத்துக்கங்கண்ணே. கும்மிருட்டுலயும் மரத்துல இலையை எண்ணலாம்!"

"வேணாம்."

"அப்ப இது? வேலி, ஒத்தையடிப் பாதை எல்லாம் பளிச்சுன்னு தெரியும்."

"ஐயையோ, வேணவே வேணாம்!"

அலுத்துப்போன துல்லியோ, ஒரு பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்தான். "இதுல நாயோட மூக்கைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"அதான் வேணும், கட்டு!"

"ஏண்ணே?"

"என் நாய் மோந்து தோண்டியெடுக்குற, தங்க விலைக்குப் போற காளான் எந்த மரத்தடி மண்ணுக்குள்ள இருக்குன்னு என் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. ஊருக்குக் காட்டுவேனா?"

"என்கிட்ட என்னண்ணே பயம்? நான் கேமரா விக்கிறவன்."

எவாசியோ குனிந்து, மேசைக்கடியில் படுத்திருந்த துல்லியோவின் நாயைத் தடவிக்கொடுத்தார்.

"அப்ப இவன் மூக்குல ஏதுடா இவ்வளவு ஈர மண்ணு?"