நமுத்துப்போன மருந்து

“கொக்கியில மாட்டியிருந்த துப்பாக்கி எங்கடி?”

கணவன் வைத்திலிங்கத்தின் குரல் கேட்டு, ரேஷன் பையோடு வாசலில் நுழைந்த பவானி நின்றாள்.

“அங்கதானே இருந்துச்சு?”

“இருந்தா நான் ஏன் கேக்குறேன்?”

அடுத்த வீட்டு லோகநாயகி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். “ஒங்க அண்ணன்தான் பவானி எடுத்துட்டுப் போனாரு. வீட்டுல யாரும் இல்லியேன்னேன். எந்தங்கச்சி வீடுதானே, யாரக் கேக்கணும்ன்னாரு. நம்ம ஊரு சிங்காரத்தோட தொடையக் கிழிச்சுதே, அந்தக் காட்டுப்பன்னி ஒங்க வயலுக்குப் பக்கத்துக் கரும்புக்குள்ள படுத்திருக்காம்.”

பவானியின் கையிலிருந்து பை நழுவியது. அரிசி சிதறியதை அவள் பார்க்கக்கூட இல்லை.

“வண்டிய எடுங்க.”

“நீ எதுக்கு?”

“எடுங்கன்னா எடுங்க!”

மங்கலம்பேட்டைத் தெருவைத் தாண்டி வண்டி வயல் பாதையில் திரும்பியது. பயிரைக் காக்க அவர் அப்பா காலத்தில் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி அது. குழல் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, ஈயக் குண்டைத் தள்ளி, கம்பியால் இடிக்க வேண்டும். வெளியே செருகும் கேப்பு பொறி தட்டித்தான் மருந்து பற்றும். ஒரு தடவை கெட்டித்தால் ஒரே ஒரு சூடு.

“போன் போட்டுப் பாரு.”

“ரிங்கு போவுது. அண்ணன் எடுக்கல.”

“எடுக்கலியா?” வைத்திலிங்கம் வேகத்தைக் கூட்டினார். “பவானி, ஒண்ணு சொல்றேன், கத்தாத. காலையில மருந்து போடும்போது சிதம்பரத்துலேருந்து நம்ம பொண்ணு கனிமொழி போன் பண்ணா. ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லன்னு ஒரே பாட்டு. பேசிட்டு வந்து மருந்து போட்டு இடிச்சேன். முன்னாடியே ஒருவாட்டி போட்டேனா இல்லியான்னு இப்பத்தான் சந்தேகமா இருக்கு.”

“போட்டிருந்தா?”

“ரெண்டு மடங்கு மருந்து. கொழலு பொளந்துக்கும். ஒங்க அண்ணன் மூஞ்சிக்கு நேராவே.”

பவானி கத்தவில்லை. “அது வெடிக்காதுங்க,” என்றாள். “நீங்க சீக்கிரம் போங்க.”

பயத்தில் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தார் வைத்திலிங்கம்.

“வெடிக்கும்டி. இந்த வாட்டி நல்லா காய வச்சுப் போட்டிருக்கேன். போன ஐப்பசியிலதான் கேப்பு மட்டும் டப்புன்னுச்சு, மருந்து புடிக்கல. மழையில நமுத்துப்போச்சு. அதனாலதான் பங்குனி வெயில்ல மூணு நாளு மாடியில வச்சு எடுத்தேன்.”

“ஐப்பசியிலயா? அப்ப ஏது மல்லாட்டை? ஏது பன்னி?”

“ரோட்டப் பாக்க விடு. சும்மா வா.”

முந்திரித் தோப்பைக் கடந்ததும் வயல் தெரிந்தது. மல்லாட்டைச் செடிகள் வேரோடு கிளறப்பட்டு, கடலைக் காய்கள் சிதறிக் கிடந்தன. வரப்பில் ஒற்றைச் செருப்பு.

“அண்ணே!” என்று அலறியபடி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள் பவானி.

“மெதுவா வாம்மா, பன்னி கரும்புக்குள்ள பூந்துடுச்சு. வண்டிச் சத்தத்துக்கு ஓடிட்டுது.”

குரல் மேலிருந்து வந்தது. மோட்டார் கொட்டகையின் கூரையில் ராமாமிர்தம் குந்தியிருந்தார். வேட்டி கிழிந்து, முழங்காலில் ரத்தம் வழிந்தது. துப்பாக்கி கீழே கிடந்தது.

“ஏன் மச்சான், ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?” வைத்திலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது.

“வாய்க்கா தகராறுல அஞ்சு மாசம் மொகம் பாக்காம இருந்துட்டு இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம். உரிமையா எடுத்தா சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தேன் மாப்ள. நல்ல துப்பாக்கி வச்சிருக்கீங்க போங்க! பன்னி எதுக்க வருது, அமுக்குறேன், கேப்பு மட்டும் டப்புங்குது. இந்த வயசுல செவுரேற வச்சுட்டீங்களே!”

தத்தித் தத்தி இறங்கி, முழங்காலைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனார்.

வைத்திலிங்கம் குண்டையும் நாரையும் குடைந்து எடுத்துவிட்டுக் குழலைக் கவிழ்த்தார். உள்ளங்கை நிறைந்து, மேலும் கொட்டியது.

“ஆமா, ரெண்டு வாட்டி போட்டிருக்கேன். அய்யனாரப்பா!” குழலை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். “ஆனா காய வச்ச மருந்து. இவ்ளோ மருந்து எப்புடிப் புடிக்காமப் போவும்?”

“அது மருந்தே இல்லீங்க.”

பவானி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பதற்றம் வடிந்த முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது.

“அடுப்புக்கரி. இடிச்சு, சலிச்சு, வாசத்துக்கு மேலாக்க கொஞ்சம் மருந்து தூவி வச்சேன். வாய்க்கா தகராறுல, ‘உங்கண்ணன சுடாம விடமாட்டேன்’னு குதிச்சீங்களே, அன்னிக்கே மருந்து டப்பாவுல மாத்திட்டேன். ஒங்க கோவத்துலேருந்து அவுரக் காப்பாத்தப் போயி, இன்னிக்கிப் பன்னிகிட்ட பலி குடுக்கப் பாத்தேன். கொழலு பொளக்கும்னு நீங்க பயந்தீங்க. வெடிக்காதேன்னு நான் பயந்தேன்.”

வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கைக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, தண்ணி ஜில்லுன்னு இருக்கு. வந்து மொகத்தக் கழுவுங்க!” தொட்டிப் பக்கமிருந்து ராமாமிர்தம் கூப்பிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பவானியின் கை பாதியில் நின்றது. அண்ணனைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு, அண்ணன் காதில் விழாத குரலில் கேட்டாள்:

“ஐப்பசியில மருந்து புடிக்கலன்னு சொன்னீங்களே... அன்னிக்கி யாரச் சுட்டீங்க?”